கேம் நடுவில் அணையும் கணினி: மதர்போர்டில் கைவைக்கும் முன்

கேள்வி: என் கணினி 2014 இறுதியில் அசெம்பிள் செய்தது. இன்டெல் கோர் ஐ7-4790, அதன் பெட்டியிலேயே வந்த கூலர், ஜிடிஎக்ஸ் 970 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி டிடிஆர்3 ரேம், கேபினெட்டோடு சேர்த்துக் கொடுத்த 500 வாட் எஸ்எம்பிஎஸ் (சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி). 600 விஏ யுபிஎஸ்ஸில் மாட்டியிருக்கிறேன். மார்ச் பிறந்ததிலிருந்து கேம் தொடங்கி 20, 30 நிமிடத்தில் பிளக்கைப் பிடுங்கியதுபோல் ஆஃப் ஆகிறது. ப்ளூ ஸ்கிரீன் வருவதில்லை. பவர் பட்டனை அழுத்தினால் அசைவே இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் வருகிறது. சில நாள் திரை மட்டும் கறுத்துப்போய், சத்தம் ஓடிக்கொண்டிருக்கும். சிபியு சூடு 98 டிகிரி காட்டுகிறது. சிபியுவுக்கும் கூலருக்கும் இடையே புது தெர்மல் பேஸ்ட் போட்டும் இரண்டு டிகிரிகூட இறங்கவில்லை. மதர்போர்டு போய்விட்டது என்கிறது சர்வீஸ் கடை. மாற்றலாமா, மொத்தமாக விற்றுவிடலாமா? (மதுரையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இரண்டும் வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே விடை பாதி இருக்கிறது. "பின்பக்க சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் வருகிறது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, முக்கியமான தடயம் அதுதான்.

சூடும் அணைவதும் ஒரே கோளாறு என்று நினைத்துக்கொண்டு பேஸ்ட் மாற்றியிருக்கிறீர்கள். ஐ7-4790 தன் உள்சூடு 100 டிகிரியைத் தொட்டதும் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கேம் திக்கும், ஃபிரேம் விழும். ஆனால் கணினி ஓடிக்கொண்டுதான் இருக்கும். அப்படியும் சூடு அடங்காமல் வெகுதூரம் ஏறினால்தான் மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லும். அப்படித் துண்டித்தாலும், சிறிது ஆறியபின் பவர் பட்டனுக்கே எழுந்துவிடும். பல மதர்போர்டுகள் அடுத்த முறை ஆன் செய்யும்போது சிபியு சூடு மிஞ்சியது என்று திரையில் சொல்லவும் செய்யும். உங்களுடையது பட்டனுக்கு அசையவில்லை. எஸ்எம்பிஎஸ் தன் பாதுகாப்புக்காகத் தானே பூட்டிக்கொள்ளும்போதுதான் இப்படி நடக்கும். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை ஒருமுறை முழுதாக நிறுத்தினால்தான் அந்தப் பூட்டு விடுபடும்.

ஆகவே உங்களிடம் இருப்பது மூன்று தனித்தனிக் கோளாறுகளாக இருக்கலாம்: எஸ்எம்பிஎஸ் தாங்காமல் அணைவது, சிபியு கூலர் சரியாக உட்காராததால் வரும் 98 டிகிரி, கிராபிக்ஸ் பக்கத்திலிருந்து வரும் கறுப்புத் திரை. மூன்றையும் கோடை ஒன்றாகக் கிளப்பிவிட்டிருக்கிறது. காசு செலவழிக்கும் முன் எது எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்கு ஒரு மாலை நேரம் போதும்.

முதலில் விண்டோஸில், நடந்ததையெல்லாம் பதிவு செய்து வைக்கும் ஈவன்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்று போங்கள். அணைந்த நேரத்தில் சிவப்புக் குறியோடு கெர்னல்-பவர் 41 என்று ஒரு பதிவு இருக்கும். இதைப் பார்த்ததுமே 'பவர் பிரச்சினை' என்று முடிவுகட்டுகிறவர்கள் அதிகம். அந்த 41 சொல்வது, கணினி முறைப்படி மூடாமல் நின்றது என்பதை மட்டுமே. டீட்டெயில்ஸ் தாவலில் பக்செக் கோட் என்ற எண்ணைப் பாருங்கள். அது 0 என்றால் விண்டோஸுக்குப் பிழையைப் பதிவு செய்யக்கூட நேரம் கிடைக்கவில்லை. பெரும்பாலும் மின்சாரமே அறுந்திருக்கிறது. 278 என்றால் கிராபிக்ஸ் டிரைவர் பதில் சொல்லாமல் நின்றது. 292 என்றால் சிபியு, வோல்டேஜ் போன்ற வன்பொருள் பிழை. 26 என்றால் ரேம் மேல் சந்தேகம் வையுங்கள். இன்னொன்று: டிஸ்ப்ளே 4101 என்ற மஞ்சள் எச்சரிக்கைகள் வரிசையாக இருந்தால், உங்கள் கறுப்புத் திரைக்கான காரணம் அங்கே இருக்கிறது. கார்டு 2 நொடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் டிரைவரை மறுபடி எழுப்பிப் பார்க்கும். அந்தப் பதிவு அதுதான்.

அடுத்து ஹெச்டபிள்யூஇன்ஃபோ64 என்ற இலவச மென்பொருளை சென்சார் மட்டும் காட்டும்படி திறந்து, கீழே உள்ள லாகிங் பட்டனை அழுத்திவிடுங்கள். சில நொடிக்கு ஒருமுறை எல்லா எண்களையும் ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே போகும். கணினி செத்தாலும் கடைசி வரி கோப்பில் நிற்கும். அந்த வரியில் சிபியு 98, கோர் தெர்மல் த்ராட்லிங் (சூட்டால் வேகம் குறைவது) 'யெஸ்', கார்டு 80 என்று இருக்கிறதா, அல்லது சிபியு 75-இல் இருக்கும்போதே அணைந்ததா என்று பாருங்கள்.

லாகிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூன்று சோதனைகள் செய்யுங்கள். சினிபெஞ்ச் ஆர்23-இன் 10 நிமிட மல்டி கோர் சோதனை. இதில் சிபியு மட்டும் உழைக்கும். அது முடிந்ததும் கணினியை ஆறவிட்டு, ஹெவன் பெஞ்ச்மார்க்கை அரைமணி நேரம் ஓடவிடுங்கள். இதில் பெரும்பாலும் கார்டு மட்டும் உழைக்கும். பிறகு இரண்டையும் சேர்த்து. தனித்தனியாக ஓடி, சேர்த்து ஓடும்போது மட்டும் படக்கென்று அணைந்தால் எஸ்எம்பிஎஸ்ஸைத் தவிர வேறெங்கும் தேட வேண்டாம். ஒருமுறை அணைந்ததுமே நிறுத்திவிடுங்கள். தள்ளாடும் எஸ்எம்பிஎஸ்ஸைத் திரும்பத் திரும்பச் சோதித்தால் அது போகும்போது கார்டையும் கூட்டிக்கொண்டு போகக்கூடும். பிரைம்95-இன் ஸ்மால் எஃப்எஃப்டி, ஃபர்மார்க் என்ற கடும் சோதனைகள் வேண்டாம். எந்தக் கேமும் கேட்காத சுமை அது. பெட்டியில் வந்த கூலரோடு இந்த சிபியு பிரைம்95-இல் 100-ஐத் தொடுவது கோளாறே இல்லை.

சோதனைக்கு முன் யுபிஎஸ்ஸை விட்டு, எர்த் உள்ள சுவர் பிளக்கில் நேராக மாட்டுங்கள். 600 விஏ யுபிஎஸ் என்றால் வழக்கமாக 360 வாட்தான் தாங்கும். கேம் ஓடும்போது உங்கள் கணினி சுவரிலிருந்து ஏறக்குறைய 340 வாட் இழுக்கும். மானிட்டரும் சேர்ந்தால் எல்லையில் நிற்கிறீர்கள். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கி யுபிஎஸ் ஒரு நொடி பேட்டரிக்கு மாறினாலே போதும், ஓவர்லோடில் கைவிட்டுவிடும். அணையும் நேரத்தில் யுபிஎஸ்ஸும் கத்தியிருந்தால் கணினியைத் திறக்கும் முன் அதை விசாரியுங்கள்.

இப்போது எஸ்எம்பிஎஸ். பக்கப்பலகையைக் கழற்றி அதன் லேபிளைப் படியுங்கள். பெரிய எழுத்தில் போட்டிருக்கும் 500 வாட்டை நம்பாதீர்கள். சின்ன எழுத்துக் கட்டத்தில் +12 வோல்ட்டுக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். கேபினெட்டோடு வரும் எஸ்எம்பிஎஸ் பலவற்றில் 16, 18 ஆம்பியர்தான் இருக்கும். 18-ஐ 12-ஆல் பெருக்கினால் 216 வாட். சிபியு 84 வாட், கார்டு 145 வாட், சிபியுவுக்கு மின்சாரம் மாற்றுவதில் வீணாவது, ஃபேன், ஹார்ட்டிஸ்க் எல்லாம் சேர்த்தால் 12 வோல்ட்டில் மட்டும் 250 வாட் வேண்டும். அதாவது 21 ஆம்பியர். தவிர ஜிடிஎக்ஸ் 970 சீராக 145 வாட் இழுக்கும் கார்டு இல்லை. மில்லிசெகண்ட் கணக்கில் அதைவிட வெகுவாகத் துள்ளும். +12வி1, +12வி2 என்று இரண்டு கட்டம் இருந்தால் ஆம்பியரைக் கூட்டிவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்து எத்தனை வாட் என்று தனியே போட்டிருக்கும், அதுதான் கணக்கு.

இத்தனை வருடம் ஓடியது இப்போது ஏன் என்று கேட்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் எலெக்ட்ரோலிடிக் கபாசிட்டர்கள் சூட்டில் மெல்ல வற்றுகின்றன. ஒவ்வொரு 10 டிகிரி கூடுதல் சூட்டுக்கும் அவற்றின் ஆயுள் பாதியாகிறது என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. பத்துக் கோடையைப் பார்த்த பெட்டி அது. சூடேறினால் அது தரக்கூடிய மின்சாரமும் குறையும். அதனால்தான் முதல் நிமிடத்தில் போகாமல் 20, 30 நிமிடத்தில் போகிறது. அதனால்தான் மார்ச்சில் ஆரம்பித்தது.

மல்டிமீட்டர் இருந்தால், கேம் ஓடும்போது பயன்படாத மோலெக்ஸ் பிளக்கின் (எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் நான்கு பின் பிளக்) மஞ்சள் வயரையும் கறுப்பு வயரையும் அளந்து பாருங்கள். 11.4-க்கும் 12.6 வோல்ட்டுக்கும் இடையில் இருக்க வேண்டும். 11.4-க்குக் கீழே போனால் தீர்ப்பு உறுதி. 11.9 காட்டினால் மட்டும் நல்லது என்று ஆகிவிடாது. கண்ணிமைக்கும் நேரத்துச் சரிவை மல்டிமீட்டர் பிடிக்காது. நண்பரிடம் நம்பகமான எஸ்எம்பிஎஸ்ஸை ஒரு நாளுக்கு இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் எல்லாவற்றையும்விடச் சிறந்த சோதனை. கார்டுக்குப் போகும் 6 பின், 8 பின் பிளக்குகளையும் கழற்றிப் பாருங்கள். ஒரு துளையின் ஓரம் பழுப்பேறியிருந்தாலோ, மூக்கருகே கொண்டுபோனால் கருகிய வாடை வந்தாலோ, மோலெக்ஸிலிருந்து மாற்றும் அடாப்டர் வயர் இடையில் இருந்தாலோ அதுவே கறுப்புத் திரைக்குப் போதுமான காரணம். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து கபாசிட்டர் மாற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும்.

புதிதாக வாங்கும்போது 500 அல்லது 550 வாட், 80 ப்ளஸ் பிரான்ஸ் தரம் (மின்சாரத்தை வீணாக்காத திறனுக்கான சான்று), 12 வோல்ட்டில் 35 ஆம்பியருக்குக் குறையாமல், கார்டுக்கு அடாப்டர் இல்லாத நேரடி வயர்கள் என்று கேளுங்கள். அடுத்த கணினி கட்டும்போதும் இது கூடவே வரும். மதர்போர்டுக்குச் செலவழிப்பது அப்படி இல்லை. உங்கள் சிபியு உட்காரும் 1150 சாக்கெட் போர்டுகளைப் பெரிய நிறுவனங்கள் நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. இப்போது கிடைப்பது பழசைத் துடைத்ததோ, பெயர் தெரியாததோதான்.

இனி அந்த 98 டிகிரி. புது பேஸ்ட் போட்டும் இரண்டு டிகிரி இறங்கவில்லை என்றால் குறை பேஸ்டில் இல்லை. கூலர் சிபியுவின் மேல் சமமாக அழுந்தவில்லை. இன்டெல் கூலரில் நான்கு மூலைகளிலும் கறுப்புத் தலையுள்ள பிளாஸ்டிக் ஆணிகள் இருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு அம்பு. அம்பு காட்டும் பக்கம் திருப்பினால் கழலும். கழற்றியபின் அப்படியே அழுத்தினால் உள்ளே போனதுபோல் தோன்றும், ஆனால் பிடிக்காது. இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள்.

சரியாகச் செய்வது இப்படி. கணினியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தால் பழைய பேஸ்ட் இளகியிருக்கும். பிளக்கைப் பிடுங்கி, கூலர் ஃபேன் வயரைக் கழற்றி, நான்கு ஆணிகளையும் அம்புத்திசையில் கால் சுற்றுத் திருப்பி மேலே இழுங்கள். கூலரை நேராகத் தூக்காமல் மெல்லத் திருகி எடுங்கள். இப்போது பேஸ்ட் பதிந்திருக்கும் தடத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் மெல்லிய படலமாகவும் மறுபக்கம் தடித்த கூழாகவும் இருந்தால், தடித்த பக்கத்து ஆணி பிடிக்கவில்லை என்று அர்த்தம். இரண்டு பரப்பையும் 90 சதவீதத்துக்கு மேலான ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் இருக்கும். பட்டாணி அளவு பேஸ்டை நடுவில் ஒரு சொட்டாக வையுங்கள்; விரலால் தடவ வேண்டாம், அழுத்தமே அதைப் பரப்பிவிடும்.

மாட்டும் முன் நான்கு ஆணித் தலைகளையும் அம்புக்கு எதிர்த்திசையில் திருப்பி நிறுத்துங்கள். நான்கு வெள்ளைக் கால்களும் போர்டின் துளைகளுக்குள் முழுதாக இறங்கியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, எதிரெதிர் மூலைகளாக அழுத்துங்கள். நான்கு முறை 'டக்' என்று கேட்க வேண்டும். பிறகு போர்டின் பின்பக்கம் பாருங்கள்: ஒவ்வொரு துளையிலும் கறுப்பு ஊசி நடுவில் இறங்கி, வெள்ளைக் கால்கள் இரண்டாக விரிந்து நிற்க வேண்டும். ஒன்றில் விரியாமல் இருந்தாலும் அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டுதான் இருக்கும். பத்து வருடப் பிளாஸ்டிக் என்பதால் கால்கள் வெளுத்து ஒடிந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்படியானால் ஆணியை மட்டும் தேடி அலையாமல் 120 மிமீ ஃபேன் உள்ள, பின்தட்டு வைத்துத் திருகும் டவர் கூலர் ஒன்றை வாங்கிவிடுங்கள். 115எக்ஸ் அல்லது 1200 சாக்கெட் என்று போட்டிருந்தால் உங்கள் போர்டுக்கும் பொருந்தும், துளை இடைவெளி ஒன்றே. 1700-க்கு மட்டும் என்றால் பொருந்தாது. உங்கள் கேபினெட்டில் போர்டிலிருந்து பக்கப்பலகை வரை எத்தனை மிமீ என்று அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். இவ்வகைக் கூலர்கள் பல 150 மிமீக்கு மேல் உயரம்.

கூலரைக் கழற்றிய கையோடு அதன் அலுமினியத் தகடுகளுக்கு இடையே வெளிச்சம் அடித்துப் பாருங்கள். மேலே ஃபேன் சுத்தமாகத் தெரியும். அதற்கு அடியில் தூசி கம்பளிபோல் ஒட்டிக்கொண்டு காற்றையே அடைத்திருக்கும். ஃபேனைப் பிரித்து எடுத்தால்தான் அது தெரியும். ப்ளோயர் அடிக்கும்போது எல்லா ஃபேன்களின் இறக்கையையும் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தாறுமாறான வேகத்தில் சுற்றினால் பேரிங் போய்விடும்.

கிராபிக்ஸ் கார்டு பக்கம் அவசரம் குறைவு. ஜிடிஎக்ஸ் 970-க்கு 98 டிகிரி உச்சம், 80-ஐ ஒட்டி ஓடுவது இயல்பு. டெஸ்க்டாப்பில் அதன் ஃபேன் சுற்றாமல் நின்றால் பதற வேண்டாம். பல மாடல்கள் சூடேறும்வரை ஃபேனை நிறுத்தியே வைக்கும். கேம் ஓடும்போதும் ஒரு ஃபேன் நின்றால் அது கோளாறு. முதலில் டிரைவரை டிடியு (டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்) என்ற மென்பொருள் கொண்டு சேஃப் மோடில் முழுதாக நீக்கிவிட்டு மறுபடி போடுங்கள். கார்டைக் கழற்றி, தங்க நிற முனைகளை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, திருகாணி போட்டு இறுக்கமாக உட்காரவையுங்கள். கனமான கார்டு வருடக்கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தால் முனை நழுவும். 85-ஐத் தாண்டினால் மட்டும் பேஸ்ட் மாற்றுங்கள். அதிலுள்ள தெர்மல் பேட்கள் (சூட்டைக் கடத்தும் மெத்தைத் துண்டுகள்) கிழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தடிமன் தெரியாமல் புதிதாக வைத்தால், அரை மிமீ கூடினாலும் கூலர் சிப்பைத் தொடாமல் மேலே நிற்கும்.

காசே இல்லாமல் சூட்டைக் குறைக்கும் வழிகள் மூன்று உண்டு. என்விடியா கண்ட்ரோல் பேனலில் மேக்ஸ் ஃபிரேம் ரேட் என்பதை 60 ஆக்குங்கள். 60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு 140 ஃபிரேம் வரைந்து கார்டு உருகுவதில் பயன் இல்லை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்குங்கள். வேகம் குறைவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் மேக்ஸிமம் புராசஸர் ஸ்டேட்டை 99 ஆக்கினால் டர்போ (வேகத்தைத் தானே கூட்டிக்கொள்வது) நின்று, சிபியு 3.6 கிகாஹெர்ட்ஸைத் தாண்டாது. புது எஸ்எம்பிஎஸ் வரும்வரை இந்த மூன்றையும் போட்டுக்கொண்டு ஆடிப் பாருங்கள். அணைவது நின்றால் சுமைதான் காரணம் என்பதற்கு அதுவே இன்னொரு சாட்சி.

அறையின் சூட்டை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அறை 26-இலிருந்து 36 ஆனால் சிபியுவும் கார்டும் ஏறக்குறைய அதே பத்து டிகிரி ஏறும். எந்தக் கூலராலும் அறைக் காற்றைவிடக் குளிரவைக்க முடியாது. மேசைக்குள் மூடிய தட்டில் கேபினெட் இருந்தால் வெளியே எடுங்கள். பக்கப்பலகையைத் திறந்துவைத்து ஒரு முறை ஆடிப் பாருங்கள். 6, 7 டிகிரி இறங்கினால் பெட்டிக்குள் காற்று வரத்து இல்லை. முன்னால் உள்ளிழுக்க ஒரு 120 மிமீ ஃபேன், பின்னால் வெளித்தள்ள ஒன்று வேண்டும். ஃபேனில் சட்டத்தின் குறுக்குக் கம்பிகள் உள்ள பக்கமாகத்தான் காற்று வெளியேறும். தலைகீழாக மாட்டிய பின் ஃபேன் சூட்டைப் பெட்டிக்குள்ளேயே திருப்பி அனுப்பும். அதையும் ஒருமுறை கை வைத்துப் பாருங்கள்.

ரேமை ஓர் இரவு மெம்டெஸ்ட்86-இல் நான்கு சுற்று ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் ஏதோ ஒரு ஸ்டிக் கெட்டது. ஒவ்வொன்றாக மாட்டிக் கண்டுபிடிக்கலாம். மதர்போர்டில் சிபியுவைச் சுற்றியுள்ள கபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். உப்பியோ கசிந்தோ இருந்தால் மட்டும் கடைக்காரர் சொன்னது சரி.

எஸ்எம்பிஎஸ் மாற்றும் நாளில் ஓர் எச்சரிக்கை. பழையதில் கழற்றி மாட்டும் வயர்கள் இருந்தால், வாய் பொருந்துகிறதே என்று அவற்றைப் புதியதில் செருகிவிடாதீர்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் பின்களின் வரிசை வேறு, கார்டும் ஹார்ட்டிஸ்க்கும் அந்த நொடியே போய்விடும். மாற்றிய பிறகும் கேமில் அணைந்தால், பக்செக் கோட் எண், லாக் கோப்பின் கடைசி வரியில் உள்ள சிபியு, கார்டு சூடு, பழைய லேபிளில் இருந்த 12 வோல்ட் ஆம்பியர் ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள். அதை வைத்து மேலே பார்க்கலாம்.